தொழுவத்துக்கு வந்த நான்கு பூச்சி மருந்துகள்

மானூர்ப் பக்கத்தில் நாற்பத்திரண்டு உருப்படிகள் வைத்திருக்கிறேன். அவற்றில் முப்பது கன்னி இன வெள்ளாடுகள், மற்றவை செம்மறிகள். கடந்த மூன்று ஆண்டுகளில் என் தொழுவத்துக்கு நான்கு விதமான குடற்புழு நீக்க மருந்துகள் வந்து போயிருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் என்ன செய்தது, எதை எப்போது வாங்கலாம், எதை வாங்கும்போது கை நடுங்க வேண்டும் என்பதை நெல்லைச் சீமையில் ஆடு வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். நிறுவனப் பெயர் எதையும் குறிப்பிடப் போவதில்லை. ஒரே மருந்து பலப்பல பெயர்களில், பல நிற லேபிள்களில் விற்கப்படுகிறது. பெரிய எழுத்தில் இருப்பது விற்பவர் வைத்த பெயர், அதற்குக் கீழே கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். மூன்று தாய் ஆடுகளைப் பறிகொடுத்த பிறகுதான் இதை நான் கற்றேன் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை நன்றாகப் பெய்து குளம் பெருகியது. கோடை முழுவதும் உடைங்காயையும் வேப்பந்தழையையும் தின்று திரிந்த ஆடுகள் குளத்தங்கரையில் முளைத்த இளம்புல்லில் வாய் வைத்தன. மழைக்கு முன்னரே எல்லா உருப்படிகளுக்கும் ஆல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை ஊற்றியிருந்ததால் நான் கவலைப்படவில்லை. மார்கழி பிறந்ததும் ஐந்து தாய் ஆடுகள் மந்தைக்குப் பின்னால் தங்கி வரத் தொடங்கின. மாலையில் அடையும்போது தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் நீர் கோத்திருக்கும். விடிந்து பார்த்தால் வீக்கம் வற்றியிருக்கும். கழிச்சல் இல்லை, இருமலும் இல்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தபோது உட்புறம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது.

நகரத்தில் ஒரு கால்நடை மருந்துக் கடைக்குப் போனேன். பழைய புட்டியைக் காட்டியதும் கடைக்காரர், "அண்ணாச்சி, அது பழசு, அத விட்டுருங்க. இது புதுசா வந்திருக்கு. வெல கொஞ்சம் கூட, ஆனா நல்லா கேக்கும்" என்று வேறொரு புட்டியை எடுத்து வைத்தார். நான் லேபிளின் நிறத்தைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. அன்று மாலையே ஊற்றினேன். அடுத்த இரண்டு வாரங்களில் மூன்று ஆடுகள் செத்தன. ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து வந்த இளம் மருத்துவர் ஒருவர், மூன்றாவது ஆட்டை என் முன்னாலேயே அறுத்து, நான்காம் இரைப்பையைத் திறந்து காட்டினார். உட்சுவர் முழுவதும் மெல்லிய நூல் போன்ற புழுக்கள் நெளிந்தன. பலவற்றில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு போலச் சுற்றியிருந்தன. சிவப்பு, புழு குடித்திருந்த ரத்தம். வெள்ளை, அதன் முட்டைப் பை. பிறகு என் இரு புட்டிகளையும் வாங்கிப் படித்துவிட்டு, "ஐயா, நீங்க மருந்த மாத்தல. புட்டியத்தான் மாத்தியிருக்கீங்க" என்றார். முதல் புட்டி ஆல்பெண்டசோல், இரண்டாவது ஃபென்பெண்டசோல். இரண்டும் ஒரே குடும்பம்.

எனவே முதல் மதிப்பீடு அந்தக் குடும்பத்தைப் பற்றியது. 1961இல் தையாபெண்டசோல் வந்தது முதல் இக்குடும்பம் உலகெங்கும் தொழுவங்களை ஆண்டுவருகிறது. புழுவின் உயிரணுக்களுக்குள் டியூபுலின் என்னும் புரதம் ஒன்றுசேர்ந்து நுண்ணிய குழாய்களைக் கட்டிக்கொண்டே இருக்கும். உண்ட சத்தை இடம் மாற்றவும், உயிரணு பிரிந்து பெருகவும் அந்தக் குழாய்கள் வேண்டும். ஆல்பெண்டசோல் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு குழாய் கட்டப்படுவதைத் தடுக்கிறது, ஆகவே புழு சர்க்கரையை ஈர்க்க இயலாமல் பட்டினி கிடந்து மெல்லச் சாகிறது. ஆட்டின் உடலிலும் டியூபுலின் உண்டு. ஆனால் மருந்து அதில் அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதில்லை என்பதே ஆடு பிழைத்துக்கொள்வதன் ரகசியம். இந்த மருந்துக்கு மூன்று நற்குணங்கள் சொல்லலாம். விலை குறைவு. அளவு சற்றுக் கூடினாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. உருண்டைப்புழுவோடு நாடாப்புழுவையும் பிடிக்கும், முட்டையையும் கெடுக்கும். சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்துக்குள் ஆல்பெண்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கக் கூடும் என்பதை மட்டும் எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. புழுவின் அந்தப் புரதச் சங்கிலியில் 200ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்னும் கண்ணி இருக்க வேண்டும். சில புழுக்களில் அவ்விடத்தில் டைரோசின் என்னும் கண்ணி அமைந்துவிடுகிறது; அதன்பின் மருந்து ஒட்டுவதற்கு இடமில்லை. ஆண்டுதோறும் அதே மருந்தை ஊற்றும்போது மற்றப் புழுக்கள் செத்து, இத்தகைய புழுக்கள் மட்டும் மிஞ்சி முட்டையிட்டு, அவற்றின் வாரிசுகளே தொழுவத்தை நிறைக்கின்றன. ஃபென்பெண்டசோல் ஒட்டுவதும் அதே இடத்தில்தான். ஒரு பூட்டுக்குச் செம்புச் சாவி பொருந்தாதபோது பித்தளையில் அதே சாவியை வார்த்துக்கொண்டு வந்தவன் நான். பெயரில் "பெண்டசோல்" என்று வந்தால் ஒரே வீடு என்று இப்போது பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். லெவாமிசோல் என்ற பெயரின் வாலும் "சோல்" என்றே முடிகிறது, ஆனால் அது முற்றிலும் வேறு குடும்பம்; பெயரின் வாலை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் அங்கேயும் ஏமாறலாம்.

பழியை முழுவதும் கடைக்காரர்மேல் போடுவது நியாயமாகாது, ஏனெனில் புழுவை இப்படி வளர்த்துவிட்டதில் என் பங்கு பெரியது. பல ஆண்டுகளாகப் பெரியதுக்கு ஒரு மூடி, சிறியதுக்கு அரை மூடி என்றே ஊற்றி வந்தேன். செம்மறிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஆல்பெண்டசோல் என்றால் வெள்ளாட்டுக்கு 10 மில்லிகிராம் வேண்டும்; வெள்ளாட்டின் உடல் இம்மருந்தை விரைவாகச் செரித்து வெளியேற்றிவிடுகிறது. 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் இருக்கும். ஆகவே 25 கிலோ செம்மறிக்கு 5 மில்லி போதும், அதே எடையுள்ள கன்னி ஆட்டுக்கு 10 மில்லி வேண்டும். நான் இரண்டுக்கும் ஒரே மூடி. அரைகுறை அளவு வலுவற்ற புழுவைக் கொன்று, வலுவுள்ளதைப் பழக்கிவிடும். இப்போது வேப்பமரக் கிளையில் ஒரு தொங்கு தராசு மாட்டி, சாக்கில் கண்ணி போட்டு ஒவ்வொன்றாக நிறுக்கிறேன். கண் மதிப்பீடு எத்தனை தவறானது என்பது முதல் நாளே தெரிந்தது. இருபது கிலோ என்று நான் நினைத்திருந்த பெட்டை ஆடு இருபத்தேழு கிலோ இருந்தது.

இதனோடு வாங்கிய இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். விசையை அழுத்தினால் குறித்த அளவு மட்டும் வரும் மருந்து புகட்டும் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். வளைந்த உலோக மூக்கை வாயோரமாக நுழைத்து, நாக்கின் பின்பகுதியில் மருந்து விழும்படி அழுத்த வேண்டும். முன்வாயில் பீய்ச்சினால் உணவுக்குழாயின் மடிப்பு மூடிக்கொண்டு மருந்து முதல் இரைப்பைக்குப் போகாமல் நேரே கீழே இறங்கிவிடக் கூடும். முதல் இரைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாகக் கசிந்தால்தான் இந்த மெல்லக் கொல்லும் மருந்துக்கு நேரம் கிடைக்கும். கருவி நன்றாகவே உழைக்கிறது. ரப்பர் வளையம் மட்டும் ஆறே மாதத்தில் தேய்ந்து, பத்து மில்லிக்கு வைத்தால் எட்டு மில்லி வந்தது. ஊற்றுமுன் ஊசிக் குழலில் ஒருமுறை பீய்ச்சி அளந்து பார்ப்பது நல்லது. மூங்கில் குழாயில் புகட்டிய என் தந்தையாரின் முறையைவிட இது மேல், ஆனால் தலையை மேலே தூக்கிப் பிடிக்கிற பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தலை மட்டமாக இருந்தால்தான் மருந்து நுரையீரலுக்குள் போகாது.

இரண்டாவது மருந்து லெவாமிசோலும் ஆக்ஸிக்ளோசனைடும் கலந்தது. மூன்று ஆடுகள் செத்த அன்று மருத்துவர் எழுதிக் கொடுத்தது இதுதான். லெவாமிசோல் புழுவின் தசைநரம்புச் சந்திப்பில் நிக்கோட்டின் போல வேலை செய்கிறது. தசை ஒரேயடியாக இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போக, புழு பிடிமானம் இழந்து ஓரிரு நாளில் வெளியேறுகிறது. பட்டினி போட்டுக் காத்திருக்கும் வேலை இதற்குக் கிடையாது. மிஞ்சியிருந்த இரண்டு ஆடுகளில் ஒன்றுக்கு ஐந்தாம் நாள் தாடை வீக்கம் குறைந்தது. மற்றது தேற மாதமானது. ஆனால் இம்மருந்தின் எல்லை குறுகியது. கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்பது அளவு. இதை மும்மடங்கு நெருங்கினாலே ஆட்டின் நரம்பையும் அது தொட்டுவிடும். தேய்ந்த வளையத்தை மாற்றிய மறுநாள், பழைய குறைவை ஈடுசெய்யக் கூட்டி வைத்திருந்த அளவைக் குறைக்க மறந்து, எடை குறைந்த குட்டி ஒன்றுக்குப் பெரிய ஆட்டின் அளவையே ஊற்றிவிட்டேன். அரைமணி நேரத்தில் அதன் வாயில் நுரை தள்ளியது, உதடும் காதும் நடுங்கின, கால் பரப்பி நின்றது. மாலைக்குள் சரியாயிற்று, நான் சரியாக இரண்டு நாளாயிற்று.

கலவையில் உள்ள ஆக்ஸிக்ளோசனைடு தட்டைப்புழுவுக்கானது. மானூர் மேட்டுக்காட்டில் மேயும் ஆடுகளுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் அறுவடைக்குப் பின் தாமிரபரணிப் பாசன வயல்களில் கிடை மறிப்பவர்களுக்கு இதுவே முதல் மருந்தாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனெனில் வாய்க்காலிலும் வயலின் தேங்குநீரிலும் இருக்கும் நத்தைக்குள் வளர்ந்துதான் தட்டைப்புழு புல்லுக்கு ஏறுகிறது. ஊற்றிய மறுநாள் புழுக்கை இளகிக் கழிச்சல் போலத் தோன்றினால் பதற வேண்டாம். ஓரிரு நாளில் கட்டிவிடும்.

மூன்றாவது ஐவர்மெக்டின் ஊசி. இதன் பிறப்பு வியப்புக்குரியது. ஜப்பானில் ஷிசுவோகா மாநிலத்துக் கடலோர கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே சதோஷி ஓமுரா எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிர்தான் இதன் தாய். அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் குழுவினர் அதிலிருந்து மருந்தைக் கண்டெடுத்தனர்; 1981இல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது; இருவரும் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முதலில் கால்நடை மருந்தாக வந்து, பின்னர் மனிதரின் யானைக்கால் நோய்க்கும் கண்பார்வையைப் பறிக்கும் ஆற்றுக் குருட்டு நோய்க்கும் போயிற்று என்பதை நினைக்கும்போது, தொழுவத்தின் பக்கம் ஒரு சிறு பெருமை எனக்கு உண்டு.

லெவாமிசோல் தசையை விறைக்கச் செய்கிறது என்றால் ஐவர்மெக்டின் தளரச் செய்கிறது. புழுவின் நரம்பிலும் தசையிலும் குளோரைடு நுழையும் வாயில்கள் உண்டு; மருந்து அவற்றைத் திறந்து வைத்துவிட, நரம்பின் செய்தி தசைக்கு எட்டாமல் தொண்டைத் தசைகூட அசையாது. பேனுக்கும் சொறிப் பூச்சிக்கும் இதே வாயில்கள் இருப்பதால் ஒரே ஊசியில் உள்ளும் புறமும் சுத்தமாகும். நாடாப்புழுவுக்கும் தட்டைப்புழுவுக்கும் இந்த மருந்து தைக்கும் வாயில்கள் இல்லை. ஆகவே குட்டியின் புழுக்கையில் அரிசி போன்ற துண்டுகளைக் கண்டு ஐவர்மெக்டின் போட்டால் பணம்தான் விரயம். ஒரு சதவீத ஊசியில் 50 கிலோவுக்கு ஒரு மில்லி, அதாவது 25 கிலோ ஆட்டுக்கு அரை மில்லி, தோலுக்கு அடியில். அந்த அரை மில்லியே நன்றாக எரியும்போலும். எந்த ஆடும் இதைச் சும்மா வாங்கிக்கொள்வதில்லை.

என் தொழுவத்தில் பேனும் சொறியும் தீர்ந்ததற்கு இந்த ஊசிக்கு முழு மதிப்பெண் தருவேன். சிவப்பு வெள்ளைப் புழுவுக்கு அவ்வளவு தர இயலாது. நன்றாகவே குறைத்தது, முற்றாக நீக்கவில்லை. இரண்டு மனக்குறைகள் உண்டு. மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி, சாணத்தை உருட்டி மண்ணுக்குள் கொண்டு போகும் வண்டுகளின் புழுப் பருவத்தையும் பாதிக்கிறது. இரண்டாவது, மீதி மருந்தைக் காவல் நாய்க்குப் போட்டுவிடும் வழக்கம். பாலூட்டிகளின் மூளைக்குள் இம்மருந்து புகாமல் தள்ளிவிடும் ஒரு காவல் புரதம் இருக்கிறது. கோலி முதலிய சில நாய் வகைகளில் அது பிறவியிலேயே பழுதாக இருப்பதால் ஆட்டு அளவில் போட்ட ஊசி அவற்றைக் கொன்றுவிடக் கூடும். வீட்டு நாயின் பூர்விகம் எவருக்கும் தெரியாது, ஆகவே நாய்க்கு நாய் மருத்துவமே முறை.

நான்காவது குளோசன்டெல். என் தேவைக்கு இதுவே பொருந்தியது, ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உடலுக்குள் போனதும் இது ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு ஏறக்குறைய முழுவதுமாக ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் குடிக்காத புழுவை இது தேடிப் போவதில்லை. ரத்தம் குடிக்கும் புழு தன் வாயாலேயே மருந்தைக் குடிக்கிறது. புழுவின் உயிரணுவுக்குள் போனபின், உணவை எரித்தாலும் ஆற்றல் சேராதபடி செய்துவிடுகிறது: அடுப்பு எரிகிறது, உலை கொதிக்கவில்லை. செம்மறியின் ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால் புதிதாக உள்ளே வரும் புழுவையும் சில காலம் தடுக்கிறது. வெள்ளாட்டில் அதைவிட விரைவில் தீர்ந்துபோகும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவு மீறினால் ஆட்டின் கண்பார்வை போய்விடக் கூடும், போனால் பெரும்பாலும் திரும்பாது. தராசு இல்லாத வீட்டில் இந்தப் புட்டி இருக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

அந்தச் சிவப்பு வெள்ளைப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும் என்கிறார்கள். கேட்கச் சிறிய அளவு. ஐயாயிரம் புழுக்கள் இருந்தால் நாளுக்குக் கால் லிட்டர். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். ஈரமும் வெப்பமும் கூடினால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, தொற்றும் பருவத்துக்கு வளர்ந்து, பனிநீரில் நீந்திப் புல்நுனிக்கு வந்துவிடும். கார்த்திகைக் குளத்தங்கரை அதற்குக் கட்டிக் கொடுத்த வீடு போன்றது. இதைக் கேட்ட பிறகு, வெயில் ஏறிப் பனி உலர்ந்த பின்னரே மழைக்காலத்தில் ஆடுகளைத் திறக்கிறேன்.

மருந்து கேட்டதா என்பதை இப்போது புழுக்கையைக் கொண்டு தீர்மானிக்கிறேன். ஊற்றும் நாளன்று பத்து ஆடுகளின் புழுக்கையைத் தனித்தனி உறையில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போகிறேன். பதினான்கு நாள் கழித்து அதே ஆடுகளிடமிருந்து மறுபடியும். முட்டை எண்ணிக்கை 95 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைந்திருந்தால் அம்மருந்துக்குப் புழு பழகிவிட்டது என்று கொள்கிறார்கள். என் தொழுவத்தில் ஆல்பெண்டசோலைச் சரியான அளவில் ஊற்றிப் பார்த்தபோது எண்ணிக்கை கால்பங்குகூடக் குறையவில்லை. முதல் ஆண்டே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் மூன்று தாய் ஆடுகளும் இருந்திருக்கும்.

எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்னும் அட்டையில் இமை நிறம் ஐந்து படிகளாக அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இமையை அதனோடு ஒப்பிட்டு, வெளுத்தவற்றுக்கு மட்டும் மருந்து. சிவந்த இமையுடைய ஆடுகளை விட்டுவிடுவதால், மருந்தையே அறியாத புழுக்களின் முட்டையும் மேய்ச்சலில் விழுந்து, பழகிய புழுக்களின் வாரிசுகளோடு கலந்து அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. புழுவைக் காப்பாற்றி வைப்பதா என்று என் மைத்துனர் சிரித்தார். மருந்துச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியதும் அவரே அட்டையை இரவல் கேட்டார். இந்த அட்டை ரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டுமே துப்புக் கொடுக்கும் என்பதை அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மேலப்பாளையம் சந்தையில் பிடித்துவரும் ஆடுகள் மட்டும் விலக்கு. அவற்றுக்கு இமை எப்படி இருந்தாலும் இரு வேறு குடும்ப மருந்துகளைக் கொடுத்து, சில நாள் தனியே கட்டிப் போட்ட பின்னரே மந்தையில் சேர்க்கிறேன்.

உண்ணிக்கு முதுகில் ஊற்றும் மருந்துகளைப் பற்றி ஒரு வரிதான்: தொழுவச் சுவரின் வெடிப்புகளைப் பூசாமல் ஆட்டின்மேல் எவ்வளவு ஊற்றினாலும் உண்ணி திரும்பி வந்துவிடும்.

விற்பனைக் காலத்தைக் குறித்து ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐவர்மெக்டினும் குளோசன்டெலும் இறைச்சியில் வாரக்கணக்கில் தங்குபவை. எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பது லேபிளில் இருக்கும். கோயில் கொடைக்கென்று கிடா வளர்ப்பவர்கள் கொடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி மருந்தைத் திட்டமிட வேண்டும். பால் கறக்கும் ஆடுகளுக்கு இவ்விரண்டையும் நான் தொடுவதில்லை. இவ்வளவு முக்கியமான செய்தி நான் வாங்கிய புட்டிகளில் ஒன்றில்கூடத் தமிழில் இல்லை. அளவும் எச்சரிக்கையும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். ஆட்டின் படம் மட்டும் பெரிதாக, கொழுகொழுவென்று இருக்கிறது.

வரும் ஐப்பசிக்கு லெவாமிசோல் கலவை அரை லிட்டரும் குளோசன்டெல் சிறிய புட்டி ஒன்றும் வாங்கி, வெயில் படாத மாடத்தில் வைத்திருக்கிறேன். வாங்கியது அதே கடையில்தான்; இம்முறை மருந்தின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஆல்பெண்டசோல் புட்டியில் கால்பங்கு மீதி இருக்கிறது. புழுக்கையில் அரிசித் துண்டு தெரியும் குட்டிகளுக்கு அது போதும்.